செல்டிக் பட்டியல் குறித்து மூர்த்திக்கு

அன்புள்ள மூர்த்தி,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும் கூடவே வைத்திருந்த, கிளாஸ்கோவின் செல்டிக் கால்பந்து கிளப் ஆட்டக்காரர்களின் பட்டியலும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சொல்லும்படியாக விசேஷம் ஒன்றும் இல்லை. அதனால் நேரே பட்டியலுக்கு வந்துவிடுகிறேன்.

ஆள் தேர்வில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘ஆட்டம்’, ‘கோல்’ என்று இரண்டே கட்டம் போட்டு, 1920-களில் ஆடியவரையும் 2004-இல் கிளப்பை விட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது.

ஜிம்மி மெக்ரோரிக்கு 550 கோல், ஹென்ரிக் லார்சனுக்கு 242 என்று போட்டிருக்கிறாய். இரண்டும் சரியான எண்கள்தான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாதவை. 550 என்பது மெக்ரோரியின் மொத்த ஆட்ட வாழ்க்கைக்கு. 1923-24 சீசனில் கிளைட்பேங்குக்குக் கடனாகப் போய் அடித்தது, ஸ்காட்லாந்துக்கு அடித்தது, ஸ்காட்டிஷ் லீக் தேர்வு அணிக்கு (லீக் கிளப்புகளிலிருந்து பொறுக்கிய அணி) அடித்தது, கிளாஸ்கோ நகர அளவிலான கோப்பைகளில் அடித்தது எல்லாம் அதில் அடக்கம். லார்சனின் 242 செல்டிக்குக்கு மட்டும். செல்டிக்குக்கு மட்டும் என்றால் மெக்ரோரிக்கு 445 ஆட்டத்தில் 468. ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல்! அதுவும் லீக், ஸ்காட்டிஷ் கோப்பை என்ற இரண்டே போட்டிகளில். லீக் கோப்பை 1946-இல்தான் ஆரம்பம், அவர் ஆட்டத்தை விட்டதோ 1937-இல். ஐரோப்பியப் போட்டியில் செல்டிக் முதலில் இறங்கியது 1962-இல். லார்சனின் 242-இல் அந்த இரண்டும் உண்டு. லீக் கோல் மட்டும் எடுத்தால் 174.

மெக்ரோரியைப் பற்றி இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள். உயரம் 5 அடி 6 அங்குலம்தான், ஆனாலும் பேர் வாங்கியது தலையால் அடித்த கோல்களுக்கு. 1928 ஜனவரி 14 அன்று டன்ஃபெர்ம்லினுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 8 கோல். அதே வருஷம் ஆர்சனல் பெரிய தொகையோடு வந்து நின்றது. கிளப் விற்கத் தயார், மனுஷன் போக மறுத்துவிட்டார். போகாததற்குப் பரிசாக, மற்ற முன்னணி ஆட்டக்காரர்களைவிடக் குறைந்த சம்பளம். கிளப் நிர்வாகங்களின் குணம் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஸ்காட்லாந்துக்கு அவர் 7 தடவைதான் ஆடினார், 6 கோல். அதே இடத்துக்கு ஹியூயி கல்லாகர் இருந்ததுதான் காரணம். இந்த ஹியூயி செல்டிக் ஆள் இல்லை. ஏர்ட்ரி, நியூகாசில் ஆள். செல்டிக்கில் ஆடியவர் பேட்ஸி கல்லாகர். 1925 கோப்பை இறுதியில் பந்தைக் காலிடுக்கில் பிடித்துக் குட்டிக்கரணம் போட்டு வலைக்குள் விழுந்தவர் இந்த பேட்ஸி. உன் பட்டியலில் இரண்டு பேரும் ஒருவராகிவிட்டார்கள்.

முகமது சலீமுக்கு ‘2 ஆட்டம்’ என்று முதல் அணிக் கட்டத்தில் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. சலீமைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, கட்டத்தை மாற்று என்கிறேன். கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கின் விங்கர் அவர். அந்த அணி 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து தடவை கல்கத்தா லீக்கை ஜெயித்தது. 1936-இல் அவர் பிரிட்டன் போனபோது மேனேஜர் வில்லி மேலி சோதித்துப் பார்த்து ஆட வைத்தார். ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 7-1. பூட்ஸ் கிடையாது, பாதத்தில் பேண்டேஜ் மட்டும். செல்டிக் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அந்த பேண்டேஜைச் சுற்றும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஆனால் அது அலையன்ஸ் லீக், அதாவது பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளும் சிறிய கிளப்புகளும் ஆடிய லீக். முதல் அணியின் அதிகாரபூர்வக் கணக்கில் அவர் ஆட்டம் பூஜ்யம். ஊர் நினைப்பு தாங்காமல் சீக்கிரமே திரும்பிவிட்டார். ‘செல்டிக்குக்கு ஆடிய முதல் இந்தியர்’ என்று எழுதலாம், தப்பில்லை. கூடவே ‘அலையன்ஸ் லீக்கில்’ என்று ஒரு வார்த்தை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் படித்தவன் கிளப்பின் ஆட்டக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, கதையே பொய் என்று முடிவு கட்டிவிடுவான்.

அடுத்தது போர்க்காலம். 1939-40 லீக் ஐந்தே ஆட்டத்தோடு நின்றுபோய், அந்த ஐந்தும் ரத்தாயின. அதிலிருந்து 1945-46 முடியும் வரை ஸ்காட்லாந்தில் ஆடியது எதுவும் கணக்கில் இல்லை. இதில் அதிகம் நஷ்டப்பட்டவர் ஜிம்மி டெலானி. 1933-இல் வந்த வலது விங்கர். 1937 ஸ்காட்டிஷ் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தார். 1939 ஏப்ரலில் கையெலும்பு நொறுங்கி, இரண்டு வருஷத்துக்கு மேல் ஆட முடியவில்லை. திரும்பி வந்து செல்டிக்குக்கு ஆடியதெல்லாம் போர்க்கால ஆட்டங்கள். 1946 பிப்ரவரியில் மேட் பஸ்பி 4,000 பவுண்டு கொடுத்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அழைத்துப் போனார். அந்த ஏப்ரலில் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் இங்கிலாந்தை 1-0 என்று ஸ்காட்லாந்து வென்றபோது, கடைசி நிமிடங்களில் அந்த ஒரு கோலை அடித்தவர் இவர். ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்த்த கோல், சர்வதேசக் கணக்கில் இல்லவே இல்லை. காரணம், அது போர் முடிந்ததைக் கொண்டாட ‘வெற்றி’ ஆட்டம் என்று வைத்த அதிகாரபூர்வமற்ற போட்டி. பிறகு 1948-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, 1954-இல் டெரி சிட்டியோடு வட அயர்லாந்துக் கோப்பை. 1956-இல் கார்க் அத்லெடிக்கோடு அயர்லாந்துக் குடியரசின் கோப்பை இறுதிக்கும் போனார். அதில் ஷாம்ராக் ரோவர்ஸிடம் தோல்வி. மூன்று நாட்டுக் கோப்பைப் பதக்கம், நாலாவது ஒரு கை தூரத்தில். இந்த ஆளுக்கு நீ ஒரே வரி ஒதுக்கியிருப்பது அநியாயம்.

பில்லி மெக்நீலின் 790 சரி. அதில் லீக் ஆட்டம் 486தான் என்பதையும் போடு. மீதி 304 ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பா. அந்தக் காலத்து லீக் கோப்பை முதலில் குழு ஆட்டங்களாக நடக்கும், அதனால் அதிலேயே நிறைய சேர்ந்துவிடும். லீக் மட்டும் என்றால் 1904 முதல் 1925 வரை ஆடிய அலெக் மெக்நேர் மெக்நீலை மிஞ்சுவார். ‘கிளப் சாதனை’ என்று எழுதும் இடத்தில் எந்தச் சாதனை என்று சொல்லாவிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் திருத்தக் கடிதம் வரும்.

1967-இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை இறுதியை ஜெயித்த செல்டிக் அணியைப் பற்றிக் கேட்டிருந்தாய்: இவ்வளவு பெரிய அணியென்றால் ஸ்காட்லாந்து கேப் (நாட்டு அணிக்கு ஆடிய ஆட்டம்) ஏன் இவ்வளவு குறைவு? கூட்டிப் பார். சிம்ப்சன் 5, கிரெய்க் 1, ஜெம்மெல் 18, மர்டாக் 12, மெக்நீல் 29, கிளார்க் 4, ஜான்ஸ்டன் 23, வாலஸ் 7, சால்மர்ஸ் 5, ஆல்ட் 3, லெனாக்ஸ் 10. பதினொரு பேருக்கும் சேர்த்து 117. கொஞ்சம் பின்னால் வந்த கென்னி டால்கிலிஷ் ஒருவருக்கே 102. சர்வதேச ஆட்டங்கள் அன்று குறைவு. வருஷத்துக்கு வேல்ஸ், வட அயர்லாந்து, இங்கிலாந்து என்று மூன்று உறுதி, மற்றதெல்லாம் உதிரி. 1967 வரை அணியைப் பொறுக்கியது ஒரு கமிட்டி. முழுநேர மேனேஜராக பாபி பிரவுன் அந்த வருஷம்தான் வந்தார். போட்டியும் கடுமை: ஜான்ஸ்டனின் இடத்துக்கு ரேஞ்சர்ஸின் வில்லி ஹெண்டர்சன் இருந்தார். ஐரோப்பாவின் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் 1967-இல் மூன்றாவதாக வந்த ஜான்ஸ்டனுக்கே 23 என்றால் மற்றவர்களைக் கேட்பானேன்.

பிரவுனின் முதல் ஆட்டம் 1967 ஏப்ரல் 15, வெம்ப்ளியில் இங்கிலாந்தை 3-2 என்று வீழ்த்தியது. ரானி சிம்ப்சனுக்கு முதல் கேப் அன்றுதான், வயது 36. இந்த சிம்ப்சனின் வாழ்க்கை தனிக் கட்டுரைக்குத் தாங்கும். 1945-இல் 14 வயதில் குயின்ஸ் பார்க்குக்குக் கோல்கீப்பர் (அதுவும் போர்க்கால ஆட்டம்தான், கணக்கில் வராது). 1948 ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணி. நியூகாசிலோடு 1952, 1955 எஃப்.ஏ. கோப்பைகள். பிறகு எடின்பரோவின் ஹிபர்னியன், சுருக்கமாக ஹிப்ஸ். அங்கே மேனேஜராக வந்த ஜாக் ஸ்டீன் அவரை வேண்டாம் என்று 1964-இல் செல்டிக்குக்குத் தள்ளிவிட்டார். ஆறே மாதத்தில் ஸ்டீனே செல்டிக் மேனேஜராக வந்து நின்றார்! சிம்ப்சன் என்ன நினைத்திருப்பார் பார். ஆனால் இரண்டு வருஷத்தில் அதே ஸ்டீனின் அணிக்கு லிஸ்பனில் கோல் காத்தது அவர்தான்.

பழைய பத்திரிகையில் அணி வரிசையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனி. ‘சிம்ப்சன், கிரெய்க், ஜெம்மெல், மர்டாக், மெக்நீல், கிளார்க், ஜான்ஸ்டன், வாலஸ், சால்மர்ஸ், ஆல்ட், லெனாக்ஸ்’ என்று அடித்திருப்பார்கள். அது 2-3-5 (பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஐந்து) காலத்து வரிசை, அச்சுப் பழக்கமாக அப்படியே தங்கிவிட்டது. லிஸ்பனில் ஆடியது 4-2-4. ஆறாம் எண் கிளார்க் மெக்நீலுக்குப் பக்கத்தில் பின்வரிசையில். நாலாம் எண் மர்டாக்கும் பத்தாம் எண் ஆல்டும் நடுக்களத்தில். எண்ணை வைத்து ஆல்டை முன்கள வீரர் என்று எழுதியிருக்கிறாய், மாற்று. இரண்டு பேக்குகளும், அதாவது பின்வரிசையின் இரு ஓரத்து ஆட்களும், வெறுமனே பின்னால் நின்றவர்கள் இல்லை. 7-ஆவது நிமிடத்தில் பெனால்டி கொடுத்தவர் கிரெய்க். 63-இல் சமன் செய்த கோலுக்குப் பந்தைத் தள்ளிவிட்டவரும் அவரே, அடித்தது இன்னொரு பேக்கான ஜெம்மெல். கடைசியில் மர்டாக் அடித்த பந்தைச் சால்மர்ஸ் கால் நீட்டித் திருப்பி வலைக்குள் விட்டார்.

புகைப்படத்தில் ஆளை அடையாளம் பிடிக்க முதுகைத் தேடாதே. உள்நாட்டு லீக்கில் செல்டிக் சட்டையில் 1994 வரை எண் கிடையாது, சட்டையின் குறுக்குக் கோடு கெட்டுவிடும் என்று போடவில்லை. 1960-லிருந்து எண் இருந்தது கால்சட்டையில். கால்சட்டையிலும் எண் இல்லையென்றால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

‘முந்தைய கிளப்’ கட்டத்தில் பிளான்டைர் விக்டோரியா, ஆஷ்ஃபீல்டு, கோல்ட்னஸ் யுனைடெட் எல்லாம் சிறுவர் அணி என்று குறித்திருக்கிறாய். அவை ஜூனியர் கிளப்புகள். பெயர்தான் அப்படி, ஆடியது பெரிய ஆட்கள், பகுதிநேரச் சம்பளத்துக்கு. செல்டிக் பையன்களை ஒப்பந்தம் செய்து, அடிபட்டுத் தேறட்டும் என்று அன்று இப்படிப்பட்ட கிளப்புகளுக்கே அனுப்பியது. டால்கிலிஷை 1967-இல் எடுத்து கம்பர்நால்டு யுனைடெட்டுக்கு அனுப்பினார்கள், முதல் அணியில் இறங்கியது 1968-இல். ஆகவே ஒப்பந்தத் தேதியும் முதல் ஆட்டத் தேதியும் வேறு வேறு கட்டம். சப்ஸ்டிட்யூட்டும் அப்படியே: ஸ்காட்லாந்தில் 1966-67-இல்தான் அனுமதி. அதற்கு முன் ஓர் ஆட்டம் என்றால் முழு ஆட்டம், பின்னால் ஐந்து நிமிடம் இறங்கியதும் ஓர் ஆட்டம்தான்.

பெயர்க் குழப்பம் இன்னும் இரண்டு. டாமி ஜெம்மெல் என்றே செயின்ட் மிரனில் ஒருவர் இருந்தார், 1955-இல் இரண்டு கேப். நீ நம் ஆளுக்கு 20 போட்டிருப்பது அந்த இரண்டையும் சேர்த்து. 1973 டிசம்பர் லீக் கோப்பை இறுதியில் செல்டிக்கை 1-0 என்று வீழ்த்திய டண்டீ அணியில் நம் ஜெம்மெல்தான் கேப்டன். ஆனால் கோல் போட்ட வாலஸ் லிஸ்பன் வில்லி இல்லை, கார்டன் வாலஸ்.

கோல்கீப்பர் ஜான் தாம்சனுக்கு சீசன் சராசரி எல்லாம் போட வேண்டாம். 188 ஆட்டம், 4 கேப், 1931 செப்டம்பர் 5 அன்று ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் மோதி அன்றிரவே மரணம், வயது 22. மோதிய ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்கிலிஷ்மேல் பழி விழும்படி எழுதாதே, விபத்து என்றுதான் விசாரணையில் முடிவானது.

லார்சனின் 2000-01 ஐரோப்பியத் தங்க பூட்டுக்கு (ஐரோப்பிய லீக்குகளில் கோல் அடிப்பதில் முதலாவதாக வருபவருக்கான பரிசு) விளக்கம் கேட்டிருந்தாய். லீக்கின் தரத்தைப் பொறுத்துக் கோலைப் பெருக்குவார்கள். ஸ்காட்லாந்துக்கு 1.5, இத்தாலிக்கு 2. அவர் 35 கோல், 52.5 புள்ளி; லாசியோவின் கிரெஸ்போ 26 கோல், 52 புள்ளி. அரைப் புள்ளியில் ஜெயித்தார். ஒரு கோல் குறைந்திருந்தால் கிரெஸ்போ கையில் போயிருக்கும்.

கட்டங்களைப் பிரித்து மறுபடி அனுப்பு: லீக், மற்றப் போட்டி, போர்க்காலம், கேப், லீக் தேர்வு அணி. அடுத்ததில் 1970-களின் ஆட்களைப் பார்க்கலாம். டானி மெக்ரெய்னின் 62 கேப்பில் 1978 உலகக் கோப்பை ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறாயே, 1977 அக்டோபரில் ஹிப்ஸோடு ஆடும்போது கணுக்காலில் அடி. உலகக் கோப்பை வரை தேறவில்லை.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். அம்மாவைக் கொஞ்ச நாளைக்குக் குனிய விடாதே.

அன்புடன்,
சேகர்