ரெஃபரல் கேட்பதற்கு முன்னால்: அமெரிக்கத் தமிழ் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆளெடுக்கும் இடத்தில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கும், ஸ்டார்ட்அப்களில் பணம் போடும் தமிழர்களுக்கும் வணக்கம்.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டபோது, கறுப்பினத்தவருக்கும் வாய்ப்புக் கொடுப்போம் என்று நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்த வாக்குறுதிகள் இன்று ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. 2025 ஜனவரியில் மெட்டா தன் பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு மூடுவிழா நடத்தியது. பிப்ரவரியில் கூகுள் ஆளெடுப்பு இலக்குகளைக் கைவிட்டது. இதெல்லாம் மேலிடத்து முடிவு, நமக்கென்ன என்று பலர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். என்னால் முடியவில்லை. மேலிடம் என்ன சொன்னாலும், யாருடைய ரெஸ்யூமேவைத் திறந்து பார்ப்பது என்பதை முடிவு செய்வது நீங்கள்தான்.

நாம் இந்த நாட்டுக்குள் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர்தான் இங்கே குடியேறலாம். மொத்தமே நூறு பேர்! பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை அளக்கும் அந்த முறை 1965 அக்டோபரில் ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு குடிமை உரிமைச் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். மூன்றும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் இல்லை. தெருவில் இறங்கி அடிபட்டு, சிறைக்குப் போன கறுப்பின மக்களின் போராட்டம்தான் அந்தக் காற்றை உண்டாக்கியது. நம் எச்1பி வேலை விசா, கிரீன் கார்டு எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ ஊரில் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடத்தில், நான்கு கறுப்பின முதலாண்டு மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் படித்த வட கரோலினா ஏ அண்ட் டி கல்லூரி இன்று பல்கலைக்கழகம். நாட்டிலேயே மிக அதிகமான கறுப்பினப் பொறியாளர்களை உருவாக்கும் இடமும் அதுதான். உங்கள் டீமில் அங்கே படித்தவர் ஒருவராவது இருக்கிறாரா? கிண்டியில், திருச்சி என்ஐடியில், பிஎஸ்ஜியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள்.

‘நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம்’ என்பீர்கள். சரி, ராய் க்ளேயை எடுத்துக்கொள்வோம். மிசௌரியில் கின்லாக் என்ற கறுப்பினச் சிற்றூரில் பிறந்தவர், 1951இல் கணிதப் பட்டதாரி. மக்டானல் விமானக் கம்பெனி அவருடைய விண்ணப்பத்தைப் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிட்டது. நேரில் போய் நின்றதும், நீக்ரோக்களுக்கு இந்த மாதிரி வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. மனிதர் விடவில்லை. 1956இல் அதே கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்தார். பிறகு ஹியூலெட்-பேக்கார்ட் (எச்பி) நிறுவனத்துக்குப் போய், 1966இல் வெளிவந்த அதன் முதல் கணினியான 2116ஏ உருவானபோது மென்பொருள் பக்கத்தை வழிநடத்தினார். 1977இல் ராட்-எல் என்று சொந்த நிறுவனம் தொடங்கி, மின்சாதனங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் கருவிகள் செய்தார். 1951இல் அவரிடம் என்ன திறமை குறைந்திருந்தது?

அது அந்தக் காலம் என்று தள்ளிவிட முடியாது. பொருளாதார ஆய்வாளர்களான நம் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ரண்டும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதியில் வித்தியாசம் வராதபடி பார்த்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள்: எமிலி, கிரெக் ஒரு பக்கம், கறுப்பினத்தவர் வைத்துக்கொள்ளும் லகீஷா, ஜமால் இன்னொரு பக்கம். வெள்ளையர் பெயர்களுக்கு 50 சதவீதம் அதிகமான அழைப்புகள் வந்தன. 2004இல் வெளியான ஆய்வு இது. பத்து ஆண்டு கழித்து, 2014இல் கூகுள் முதன்முதலாகத் தன் கணக்கை வெளியிட்டபோது, தொழில்நுட்ப வேலைகளில் கறுப்பினத்தவர் 1 சதவீதம். நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 13 சதவீதம்.

இப்போது பணம் போடுபவர்களிடம் வருகிறேன். ஸ்டார்ட்அப்பின் முதல் பணம் பெரும்பாலும் சொந்தக்காரர், நண்பர்களிடமிருந்துதான் வரும். 2022இல் வெள்ளையினக் குடும்பங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பங்களில் அது 44,900 டாலர் என்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் கணக்கெடுத்தது. இதில் எந்தச் சித்தப்பா காசோலை எழுதுவார்? நைஜீரியாவின் லாகோசில் பிறந்த டோப்பே அவொடோனா, சந்திப்புகளுக்கு நேரம் குறிக்க உதவும் காலண்ட்லி நிறுவனத்தைத் தொடங்கியபோது முதலீட்டாளர்கள் கைவிரித்தார்கள். ஓய்வூதியச் சேமிப்பு உட்பட சுமார் 2,00,000 டாலரை வழித்துப் போட்டார். 2021இல் அந்த நிறுவனத்தின் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியது. அவர் தப்பித்தார்; சேமிப்பே இல்லாதவர் என்ன செய்வார் என்பதுதான் என் கவலை. 2023இல் ஸ்டார்ட்அப்களில் போடப்பட்ட அமெரிக்க வென்ச்சர் கேபிடல் பணத்தில் கறுப்பின நிறுவனர்களுக்குப் போனது அரை சதவீதம்கூட இல்லை.

இதைச் சரிசெய்யப் போனவர்களுக்கு நடந்ததையும் பார்த்தோம். அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களைக் காக்க 1866இல் வந்த சட்டத்தையே அந்த நிறுவனத்தின்மேல் ஏவி, அந்த மானியம் இனப்பாகுபாடு என்று ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. 2024இல் அந்த மானியம் நின்றது. இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இனத்தைப் பார்த்து வேலை கொடுப்பது சட்டவிரோதம். அதை நான் கேட்கவில்லை. அடுத்த இடம் காலியாகும்போது, தெரிந்தவர் யாராவது உண்டா என்று டீமில் ரெஃபரல் கேட்பதற்கு முன்னால், கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் ஏ அண்ட் டி, ஹோவர்ட் போன்ற பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு மையங்களுக்கு விளம்பரத்தை அனுப்புங்கள். நேர்காணலுக்குப் பின் பேசும்போது ‘நம்ம டீமுக்கு செட் ஆகமாட்டார்’ என்று யாராவது சொன்னால், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் தப்பு என்று எழுதித்தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே உங்களுக்குக் கீழே இருக்கும் கறுப்பினப் பொறியாளரின் ப்ரமோஷன் பற்றிப் பேச்சு வரும்போது, அவர் இல்லாத அந்த அறையில் அவருக்காக வாயைத் திறங்கள். பணம் போடுபவர்கள், தெரிந்தவர் அறிமுகம் இல்லாமல் வரும் மின்னஞ்சலுக்கும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். இந்தக் காலாண்டிலேயே தொடங்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்களைப் போலவே இங்கே பிழைக்க வந்த ஒரு பொறியாளர்