பினாங்குக்கென்று ஒரு சின்ன டிவி நிலையம் வேண்டும்

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தாருக்கு,

வணக்கம். பட்டர்வொர்த் வட்டாரத்தில் வீடு வீடாக ஏரியல் கட்டுவது என் தொழில். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. குறைந்த சக்தியில், ஓர் ஊர் அளவுக்கு மட்டும் ஒளிபரப்பும் டிவி நிலையங்களுக்குத் தனி உரிமம் வகுத்து, அதைப் பினாங்கில் தொடங்குங்கள்.

1934-இலேயே இங்குள்ள வானொலி ஆர்வலர்கள் சங்கமாகச் சேர்ந்து, இசட்.எச்.ஜே. என்ற அழைப்புக்குறியில் சொந்த வானொலி நடத்தினார்கள். மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. டிவி 1963 டிசம்பர் 28-இல் கோலாலம்பூரில் தொடங்கியது; இன்றும் எங்களுக்கு அங்கிருந்துதான் வருகிறது. 2017 நவம்பர் வெள்ளத்தில் எந்தச் சாலை மூழ்கியது, எந்தப் பள்ளியில் தங்க இடம் இருக்கிறது என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றிய, பாதி உண்மை பாதி வதந்தியான செய்திகளாகத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் கூடும் கூட்டம் தேசியச் செய்தியில் சில நிமிடம் வந்து போகிறது.

அமெரிக்கா இதற்கு வழி கண்டது. மலையடிவார ஊர்களுக்காக, பெரிய நிலையத்தின் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் சிறு கருவிகளுக்கு 1956-இல் அனுமதி கொடுத்தார்கள். அவை சொந்த நிகழ்ச்சி எதையும் காட்டக் கூடாது. 1982-இல்தான் குறைசக்தி நிலையம் என்று தனி வகுப்பே வைத்து, சொந்த நிகழ்ச்சிக்கும் இடம் கொடுத்தார்கள். பெரிய நிலையத்துக்கு இடையூறு செய்யக் கூடாது, அதனால் வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனை நியாயமானதுதான். ஆனால் 2017-இல் அங்கே அலைவரிசைகள் ஏலம் போனபோது பல சின்ன நிலையங்கள் வேறு அலைவரிசைக்கு இடம்பெயர நேர்ந்தது. நம் உரிமத்தில் சில ஆண்டுகளுக்காவது அலைவரிசை மாறாது என்ற உறுதி எழுதி வையுங்கள்.

கருவி பெரிய விஷயமில்லை. உயரமான ஃப்ளாட் மாடியில் சில பத்து வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வைத்தால் ஜார்ஜ்டவுனுக்குப் போதும். டிவிக்குப் பயன்படும் யூ.எச்.எஃப். அலை நேர்க்கோட்டில் போவது. நடுவில் மலை நிற்பதால் தீவின் மேற்குப் பக்கத்துப் பாலிக் புலாவுக்குத் தனியாக ஒரு சிறு கருவி வேண்டும். 2019-இல் டிஜிட்டலுக்கு மாறியபோது வாங்கிய டிகோடரே இதற்கும் போதும், சேனலை மறுபடி தேடவிட்டால் வந்துவிடும். பட்டர்வொர்த் இருக்கும் நிலப்பகுதியான செபராங் பிறை பக்கம் மட்டும் ஒரு வேலை இருக்கிறது. கெடாவின் குனுங் ஜெராய் மலையிலுள்ள டிவி கோபுரத்தைப் பார்த்து வடக்கே திருப்பிய ஏரியல் தீவுப் பக்க அலையைச் சரியாகப் பிடிக்காது, படம் கட்டம் கட்டமாக உடையும். மேற்கே பார்த்து இன்னொரு ஏரியல் கட்டி, இரண்டையும் கலப்பியில் இணைக்க வேண்டும். அரை நாள் வேலை.

ஃபேஸ்புக் நேரலை இருக்கிறதே என்பீர்கள். ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் பாட்டிகள் வீட்டுக்கு நான் போகிறேன். அவர்களுக்கு ரிமோட்டில் எண் அழுத்தத் தெரியும். டேட்டா போடத் தெரியாது, போடக் காசும் இருக்காது.

தடை சட்டத்தில் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடு முழுவதும் ஒளிபரப்பும் நிறுவனம் நுழையும் அதே வாசலில்தான் நாலு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஒளிபரப்ப நினைக்கும் சங்கமும் வந்து நிற்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்குக்கென்று 1995-இல் வந்த மெட்ரோவிஷன் 1999-இல் நின்றுபோனதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது விளம்பர வருமானத்தை நம்பிய பெரிய வணிக நிலையம். நான் கேட்பது, மாலையில் மூன்று மணி நேரம் நான்கு மொழியும் பங்குபோட்டுக்கொள்ளும் நிலையம். பக்கத்து இந்தோனேசியா 2002-ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டத்திலேயே சமூக ஒளிபரப்புக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது.

முதலில் ஓராண்டுச் சோதனை அனுமதி கொடுங்கள். காலியாக இருக்கும் ஒரே ஓர் அலைவரிசை, ஊர்ச் சங்கம் தாங்கக்கூடிய கட்டணம். விதிகளை எழுதுமுன் பினாங்கில் ஒரு பொதுக் கூட்டம் வையுங்கள். எந்த மாடியிலிருந்து எந்தத் தாமான் தெரியும் என்று ஏரியல் கட்டுகிறவர்கள் நாங்கள் வந்து சொல்கிறோம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் ஏரியல் தொழிலாளி ஒருவர்