டயர், பிரேக் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, டயரையும் பிரேக்கையும் விரிவாகப் பேசிவிட்டு, இன்ஜின் ஆயிலைத் தொடாமலே முடிந்துவிட்டது.

சென்ற மாதம் சென்னை அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் நீண்ட வளைவு ஒன்றில், 60 பிஎஸ்ஐ காட்டிக்கொண்டிருந்த என் காரின் ஆயில் அழுத்த முள் சட்டென்று 15-க்கு விழுந்து, நேர்ப்பாதை வந்ததும் ஒன்றும் அறியாததுபோல் பழைய இடத்துக்கு ஏறியது. வளைவில் ஆயில் முழுவதும், இன்ஜினின் அடியில் அது தேங்கும் தொட்டியான சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது, பம்ப்பின் உறிஞ்சு குழாய் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. அந்த ஓரிரு நொடிகளே பிஸ்டனைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கைக் கெடுக்கப் போதுமானவை. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து பழகிய நமக்கு இது தெரிய வாய்ப்பில்லைதான். ஜே.சி. ரோட்டு மெக்கானிக் ஒருவர் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு பொருத்தியபின் முள் அவ்வாறு விழவில்லை.

வெப்பமும் இதனோடு சேர்ந்ததே. ரேடியேட்டர் நீர் 90 டிகிரியில் அமைதியாக இருக்கும்போதே ஆயில் 130-ஐத் தாண்டி, நீர்த்துப்போய், நேர்ப்பாதையிலும் அழுத்தத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், ஆயிலுக்கெனத் தனி வெப்பமானி அவசியம். ஆயில் கூலர் வைப்போர் தெர்மோஸ்டாட் (ஆயில் சூடான பிறகே அதைக் கூலருக்குள் விடும் வால்வு) உள்ளதையே வாங்க வேண்டும். இல்லையேல் பெங்களூரின் குளிர்காலையில் ஆயில் சூடேறவே நெடுநேரமாகும்.

அடுத்த கட்டுரையில் இதற்கும் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர், பெங்களூரு