கைப்பேசிகளை ஏன் பூட்டி வைக்கிறோம்: பெற்றோர்க்கு ஒரு விளக்கம்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு,
சாட்ஸ்வர்த், டர்பன்.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகளின் கைப்பேசிகளை வாங்கி அலமாரியில் பூட்டுவது குறித்து உங்களில் சிலருக்கு மனக்குறை உண்டு. "சத்தத்தை நிறுத்திவிட்டுப் பையிலேயே வைத்திருக்கட்டுமே" என்று கேட்டவர்களுக்கு வாசலில் நின்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால் மூளையில் பழக்கம் எப்படிப் படிகிறது என்பதிலிருந்து தொடங்கி இங்கே விளக்குகிறேன்.

மூளையின் நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளை இன்பம் தரும் சுரப்பு என்றே பலரும் நினைக்கிறோம். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களைப் பதிவுசெய்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன; விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியதும் சாற்றை விட்டு விளக்குக்கே துடித்தன; விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, அது வந்திருக்க வேண்டிய நேரத்தில் அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அறிவிக்கும் இந்தக் குறிப்பு வந்து சேரும்போது, சற்றுமுன் வேலைசெய்த நரம்பிணைப்புகள் மூளையின் ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியில் வலுப்படுகின்றன. பழக்கம் படிவது அப்படித்தான்.

பிழையின்றி வாசித்தால் நட்சத்திர ஸ்டிக்கர் என்று நாங்களும் வைத்துப் பார்த்தோம். மூன்றாம் வாரமே பிள்ளைகள் அதை மேசையில் விட்டுவிட்டுப் போனார்கள். சொல்லாமல் எப்போதாவது கொடுக்கத் தொடங்கியதும் மறுபடி ஆர்வம் வந்தது. கைப்பேசிச் செயலிகள் கையாள்வதும் இதே உத்திதான் என்பதைச் சற்றுக் கூச்சத்துடன் ஒத்துக்கொள்கிறேன். பையில் இருக்கும் கைப்பேசி, சத்தமில்லாவிட்டாலும், எரிகிற விளக்குதான். அதைப் பூட்டிய பிறகும் ஒரு மாணவனின் கை, எழுதிக்கொண்டிருக்கும்போதே வெறும் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்தேன், அவனே சிரித்துவிட்டான்.

நம் ஊரில் 'ஷுகர்ஸ்' என்று விற்கப்படும் ஹெராயின் கலவையோடு இதை ஒப்பிடுவது மிகையாகும், ஆனால் இரண்டும் போகும் பாதை ஒன்றே. டோபமின் நரம்பணுக்களுக்குக் கடிவாளமாக இருக்கும் அணுக்களை ஹெராயின் அடக்கிவிடுவதால் டோபமின் பெருகுகிறது. சாறு பழகிப்போனால் அதற்கான டோபமின் குறிப்பு ஓய்ந்துவிடும். போதைப்பொருளோ எத்தனை முறை எடுத்தாலும் அதைக் கிளப்பிவிடுகிறது. அதனால்தான் இன்பம் குறைந்த பின்னும் வேட்கை குறைவதில்லை. பல மாதம் விட்டிருந்தவரையும் பழைய தெருமுனை ஒன்று இழுத்துவிடும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பிள்ளைகள் எதிரில் ஏசாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அலமாரிச் சாவி என்னிடமே இருக்கும். அவசரமென்றால் அலுவலகத் தொலைபேசிக்கு அழையுங்கள், பிள்ளையை உடனே வரவழைக்கிறோம். கைப்பேசியைப் பெயரெழுதிய உறையில் போட்டு அனுப்புங்கள். சென்ற வாரம் ஒரே மாதிரியான மூன்று கறுப்புக் கைப்பேசிகள் வந்து சேர்ந்தன.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்