திறன் கூட்டிய என்ஜினுக்கு முறையான சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் கார் என்ஜின்களைப் பிரித்துச் செப்பனிடும் பணிமனையை நடத்தி வருகிறேன். காரின் என்ஜின் திறனைக் கூட்டினால் அது புகைப் பரிசோதனையில் தேறாது என்று பொதுமக்களில் பலரும் அதிகாரிகளில் சிலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. முறையாகச் செய்தால் திறனும் கூடும், பரிசோதனையிலும் கார் தேறும். முறைகேடாகச் செய்தாலும் இன்றைய பரிசோதனையில் தேறிவிட முடிகிறது என்பதே என் கவலை. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

முதலில் பெட்ரோல் கார். ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தில் கலவை எரியும்போதுதான், சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறைக்கும். இந்த விகிதம் விலகாதபடி, ஆக்சிஜன் சென்சார் சொல்லும் அளவைப் பார்த்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருக்கிறது. நேர்மையாக ரீமேப் செய்பவர், அதாவது திறனைக் கூட்ட ஈ.சி.யூ.வின் மென்பொருளைத் திருத்துபவர், இந்தப் பகுதியில் கை வைப்பதில்லை. ஆக்சிலரேட்டரை ஆழ மிதிக்கும்போது செயல்படும் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போவின் அழுத்தம், அந்த அழுத்தத்துக்கு ஏற்ற பெட்ரோல் அளவு ஆகியவற்றை மட்டுமே அவர் திருத்துகிறார். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போதும், ஊருக்குள் சீரான வேகத்தில் செல்லும்போதும் தயாரிப்பாளர் அமைத்த கணக்கே தொடர்கிறது. ஆகவே பாரத் ஸ்டேஜ் எனும் மாசு விதிகளின் பி.எஸ். 4, பி.எஸ். 6 கட்டங்களைச் சேர்ந்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் விதித்துள்ள 0.3 சதவீதக் கார்பன் மோனாக்சைடு, பத்து லட்சத்தில் 200 பங்கு ஹைட்ரோகார்பன் என்ற வரம்புக்குள், என்ஜினும் கன்வர்ட்டரும் நன்றாகச் சூடாகியிருக்குமானால், அந்தக் கார் தடையின்றி நின்றுவிடும்.

வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட்டை மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக்கும் பந்தயக் கேம், உயர் சுற்றுகளில் நன்றாக இழுக்கும். ஆனால் ஐடிலிங்கில் எரிந்த வாயு சிலிண்டருக்குள்ளேயே தங்கிப் புதுக் கலவையைக் கெடுப்பதால், பாதி எரிந்தும் எரியாமலும் பெட்ரோல் வெளியே போகிறது. சைலன்சர் வாயில் குழாயைச் செருகியதும் ஹைட்ரோகார்பன் எண் ஏறிக்கொண்டே போய், என்ஜின் ஒவ்வொரு முறை தடுமாறும்போதும் ஒரு துள்ளு துள்ளுவதைப் பரிசோதனைக் கருவியின் திரையிலேயே காணலாம். அத்தகைய கேமுக்கு உரிய இடம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளமுமே. சாலையில் ஓடும் காருக்கு மிதமான கேம், நன்கு சீரமைத்த சிலிண்டர் ஹெட், தரமான காற்று வடிகட்டி, கன்வர்ட்டரோடு கூடிய அகலமான எக்ஸாஸ்ட் குழாய் ஆகியவை போதும். அந்தக் கன்வர்ட்டரும், என்ஜினிலிருந்து சூடான புகை வெளிவரும் மேனிஃபோல்டை விட்டுத் தள்ளிப் போய்விடக் கூடாது. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறாமல் அது வேலை செய்யத் தொடங்காது.

டீசல் காரில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஈ.ஜி.ஆர். வால்வு எரிந்த வாயுவில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்புகிறது. இதனால் எரிதலின் உச்ச வெப்பம் தணிந்து நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. ஆனால் ஆக்சிஜனும் சற்றுக் குறைவதால் கரிப்புகை கொஞ்சம் கூடுகிறது. திறன் கூட்டித் தருவதாகச் சொல்பவர்களில் சிலர் இந்த வால்வின் வழியை அடைத்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் வால்வுக்கும் குழாய்க்கும் இடையே, கேஸ்கட்டின் அளவுக்கே வெட்டி, போல்ட்டுக்கு இரண்டு துளை மட்டும் போட்ட மெல்லிய இரும்புத் தகடு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கம் கரி அப்பிக் கிடக்கும், மறுபக்கம் பளபளவென்றிருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஈ.சி.யூ.விலும் அந்தப் பகுதியை அணைத்துவிடுவார்கள். காரின் உரிமையாளரிடம் செல்லத்தக்க புகைச் சான்றிதழும் இருக்கும். அதில் பதிவான புகையளவு முன்பைவிடக் குறைந்தும் இருக்கும்.

இதில் எந்தப் பித்தலாட்டச் சான்றிதழும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் பி.யு.சி. எனப்படும் புகைப் பரிசோதனையில் டீசல் வண்டிக்கு, கார் நின்ற நிலையிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தி, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று மட்டுமே அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. பி.எஸ். 4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை, 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதி 0.08 கிராமாகக் குறைத்தது. இதை எட்டத் தயாரிப்பு நிறுவனங்கள் பெரும் பொருட்செலவு செய்தன, அந்தச் செலவைக் காரின் விலையில் நாமும் சுமந்தோம். ஷோரூமை விட்டு வெளியே வந்த பிறகு அந்த வரம்பு காக்கப்படுகிறதா என்று பார்க்கும் கருவி எந்தப் புகைப் பரிசோதனை மையத்திலும் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடு மூச்சுக்குழாயை அரிப்பதோடு, வெயிலில் மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாகவும் மாறுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையை வைத்திருக்கும் பெற்றோருக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

பரிசோதனையில் தேறுவதும் தூய்மையாக ஓடுவதும் வேறு வேறு என்பதை உலகமே 2015 செப்டம்பரில் பார்த்தது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் ஆய்வகத்தில் சோதிக்கப்படுவதைத் தாமே உணர்ந்து அடக்கமாக ஓடியதும், சாலைக்கு வந்ததும் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடை வெளியிட்டதும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையால் வெளிச்சத்துக்கு வந்தன. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடிக் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. ஒரு பெரிய நிறுவனம் செய்தபோது குற்றமானது, ஒரு தெருமுனைப் பணிமனை செய்யும்போது திறமை ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கன்வர்ட்டரைக் கழற்றி விற்பவர்கள் மீதும், டீசல் கார்களின் கரி வடிகட்டியைக் குடைந்து எறிபவர்கள் மீதும் இன்னும் கடுமையாக நடவடிக்கை எடுத்தாலும் நான் வரவேற்பேன். ஆனால் கன்வர்ட்டரும் சென்சாரும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, அளந்து, சோதித்து, பொறுப்போடு திறனைக் கூட்டுபவனுக்கும், தகடு வைத்து அடைப்பவனுக்கும் இடையே வேறுபாடு காட்டும் வழி இன்று எங்கும் இல்லை. வழியில்லாததால் இருவருமே மறைவாக வேலை செய்கிறார்கள். மறைவில் மலிவானதே விலைபோகும். தகடு மிக மலிவு.

வழி வகுப்பது புதிய காரியமும் அன்று. பெட்ரோல் காரை எரிவாயுவுக்கு மாற்றும் கிட்டுகளுக்கு அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் ஒப்புதல் தருகிறது. அதைப் பொருத்தியபின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்கிறோம். கலிஃபோர்னியாவில் என்ஜின் திறனைக் கூட்டும் உதிரிபாகங்களை அங்குள்ள காற்று வள வாரியம் சோதித்து, மாசைக் கூட்டாதவற்றுக்கு ஆணை எண் வழங்குகிறது. அந்த எண் உள்ள பாகத்தைச் சாலைக் காரில் பொருத்திக்கொள்ளத் தடையில்லை. 2021 ஜூலை முதல், புகைப் பரிசோதனையின்போதே ஈ.சி.யூ. மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணையும் அங்கே வாசிக்கிறார்கள். தயாரிப்பாளரின் மென்பொருளோ வாரியம் ஒப்பிய மென்பொருளோ இல்லாவிட்டால் கார் தேறாது. நெதர்லாந்தில் 2023 ஜனவரி முதல், கரி வடிகட்டி உள்ள டீசல் கார்களின் புகையில் நுண்துகள்களின் எண்ணிக்கையையே எண்ணிப் பார்க்கிறார்கள். வடிகட்டியைக் குடைந்து எடுத்த கார் அங்கே தப்ப முடியாது.

நம் மாநிலத்தில் ஒரகடத்தில் இயங்கும் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்திலேயே உருளைகளின் மீது காரை ஓட்டி மாசை அளக்கும் ஆய்வக வசதி இருக்கிறது. ரீமேப் மென்பொருளையும் எக்ஸாஸ்ட் அமைப்பையும் ஒரு மாடல் காருக்கு ஒருமுறை அங்கே சோதித்து ஒப்புதல் எண் பெறவும், அந்த எண்ணையும் கூடிய குதிரைத்திறனையும் ஆர்.சி.யில் ஏற்றவும், காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்கவும் மத்திய போக்குவரத்து அமைச்சகம் விதி வகுக்க வேண்டும். அதற்குத் தமிழக அரசு அழுத்தம் தர வேண்டும். சோதனைக் கட்டணத்தை என் போன்ற பணிமனைக்காரர்கள் தயங்காமல் செலுத்துவோம். அந்த விதி வரும் வரை காத்திராமல், 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில், என்ஜின் கணினியில் பதிவான பிழைகளை வாசிக்கும் ஓ.பி.டி. கருவியை இணைத்து, பிழைக் குறியீடுகளையும், கண்காணிப்புப் பகுதிகள் அணைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்ப்பதைப் புகைப் பரிசோதனையின் ஒரு பகுதியாக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறையைத் தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சிறிய பணிமனைகளில்கூடப் புழங்கும் அக்கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சாக்கெட்டில் செருகி வாசிக்கச் சில நிமிடங்களே ஆகும்.

இப்படிக்கு,
பணிமனை உரிமையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.