எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகும் சைக்கிள் குழு உறுப்பினர்களுக்கு

ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுப்பது), பைபாஸ் (வயிற்றைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலில் இணைப்பது) செய்துகொண்டவர்கள் மறுபடி எப்போது சைக்கிளில் ஏறலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நடை மறுநாளுக்குள் தொடங்கிவிடும். சைக்கிள் அப்படியல்ல. வெளியே தெரியும் துளைகள் சிறியவைதான், உள்ளே தசை ஆற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதற்குள் ஹேண்டில்பாரை இழுத்து மேடேறினால் ஹெர்னியா (குடலிறக்கம்) வரலாம். வண்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதும் இதே கணக்குதான், பலர் மறந்துவிடுகிறார்கள். டாக்டர் சரி என்ற பிறகு முதலில் ட்ரெயினரில் (சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்கும் ஸ்டாண்ட்) 10–15 நிமிடம், லேசான கியரில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுங்கள்.

பெரிய தொல்லை தண்ணீர். பாட்டிலைக் கவிழ்த்து மடமடவென்று இனி குடிக்க முடியாது, வயிறு கொள்ளாது. 5 நிமிடத்துக்கு ஒரு வாய் என்று பழகுங்கள். பைபாஸ்காரர்களுக்கு சர்க்கரை ஜெல் (ஓட்டத்தின்போது தெம்புக்குச் சாப்பிடும் இனிப்புக் கூழ்) ஆகாது: சட்டென்று சிறுகுடலில் இறங்கி படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரிந்து தலைசுற்றலும் வரலாம். கால்வலிக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம், வயிற்றில் புண் உண்டாக்கும். பிபி, சர்க்கரை மாத்திரையின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றாமல் ஓட்டினால் மயக்கம் போடலாம்.

உடல் இளைத்ததும் பழைய சீட் எலும்பில் குத்தும். டயர் காற்றையும் புது எடைக்கேற்பக் குறையுங்கள். ட்யூப்லெஸ் (ட்யூப் இல்லாத டயர்) என்றால் உள்ளே ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் காய்ந்திருக்கலாம், திறந்து பாருங்கள்.

முதல் வெளி ஓட்டம் சமதரையில், 10 கி.மீ.க்குள். முந்தின நாளே குழுவில் சொல்லிவிடுங்கள், ஒருவர் கூடவே மெதுவாக வருவார்.