ரீஅட்மிஷன் ஸ்கோர் போடுற ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கும் டேட்டா டீம்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் வார்டு நர்ஸ். டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரை கவரும் கையில குடுத்து, எதை எப்ப சாப்பிடணும்னு சொல்லி அனுப்புற ஆள். இப்பல்லாம் அந்த நேரத்துல ஸ்கிரீன்ல ஒரு நம்பரும் வருது, இவர் 30 நாளுக்குள்ள திரும்ப அட்மிட் ஆக எவ்வளவு சான்ஸ்னு. நம்பர் வேணாம்னு சண்டை போட வரல, அது எப்ப வருது, வந்தப்புறம் யார் என்ன செய்யறாங்க, அதத்தான் கேக்கறேன்.

இந்த நம்பர் போடுற ஒரு முறை, லேஸ் (LACE) ஸ்கோரையே எடுத்துக்கோங்க, 2010ல கனடாவுல வந்தது. எத்தன நாள் படுத்திருந்தார், எமர்ஜென்சியா வந்தாரா, கூட என்னென்ன வியாதி, போன 6 மாசத்துல எத்தன தடவ கேஷுவால்டிக்கு வந்தார், அவ்ளோதான். மொத்தம் 19 மார்க், 10ம் அதுக்கு மேலயும் ஹை ரிஸ்க். சிம்பிளா இருக்கு, ஆனா எத்தன நாள் படுத்திருந்தார்ங்கறது வீட்டுக்கு போற அன்னிக்குதானே முழுசா தெரியும், அதுக்குள்ள பில் கட்டியாச்சு, வீல்சேர் வந்தாச்சு, சொந்தக்காரங்க வண்டி பிடிக்க கீழ போயாச்சு, அப்ப வந்து சிவப்புல 13னு காட்டினா நான் என்ன பண்றது? 2013ல வந்த, 'ஹாஸ்பிட்டல்'னே பேர் வச்ச இன்னொரு ஸ்கோரும் இதே கததான், டிஸ்சார்ஜ் சமயத்து ஹீமோகுளோபினும் சோடியமும் கேக்கும்.

உண்மையில ஏன் திரும்ப வராங்கன்னா, ஹார்ட் ஃபெயிலியர் பேஷண்ட் ஒருத்தர்னு வைங்க. வீட்ல பழைய நீர் மாத்திரை ஸ்ட்ரிப் பாதி இருக்கும், நாங்க குடுத்தது வேற கம்பெனி பேர்ல அதே மாத்திரை, ரெண்டும் வேற வேறன்னு நெனச்சு ரெண்டையும் முழுங்குவார், இல்லேன்னா குழம்பிப் போய் ரெண்டையும் விட்ருவார். மூணு நாள்ல 2 கிலோ ஏறினா உடம்புல தண்ணி தேங்குதுன்னு அர்த்தம், உடனே போன் பண்ணுங்கன்னு சொல்றோம், ஆனா வீட்ல வெயிட் மெஷின் இருக்கான்னு யாரும் கேக்கறதில்ல. இதுக்கெல்லாம் அந்த நம்பர் போடுற உங்க கம்ப்யூட்டர் மாடல்ல ஒரு கட்டமே கிடையாது. போன வருஷம் எத்தன அட்மிஷன்னு இருக்கு, அத இனிமே யார் மாத்த முடியும்?

இன்னொன்னு, எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது. திரும்ப வரலேன்னா நல்லா இருக்கார்னு மாடல் கத்துக்குது. வேற ஆஸ்பத்திரிக்கு போயிருக்கலாம், வீட்லயே இறந்திருக்கலாம், காசில்லாம வராம இருந்திருக்கலாம், உங்க டேட்டாவுல எல்லாம் ஒரே பூஜ்ஜியம். அமெரிக்காவுல ஒரு அல்காரிதம் வியாதிக்கு பதிலா செலவ வச்சு யாருக்கு கூடுதல் கவனிப்பு வேணும்னு கணக்கு போட்டுச்சு, அதே ஸ்கோர் வாங்கின வெள்ளைக்காரங்கள விட கறுப்பினத்தவங்க அதிகம் நோயாளியா இருந்தாங்கன்னு 2019ல சயன்ஸ் இதழ்ல வந்துச்சு. செலவு பண்ண முடியாதவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு மெஷின் நெனச்சிருக்கு, அவ்ளோதான்.

பெனால்டி பயத்துல இத பண்ணாதீங்க. அமெரிக்காவுல 2012லேருந்து ரீஅட்மிஷன் அதிகமான ஆஸ்பத்திரிக்கு அரசு இன்சூரன்ஸ் பணத்துல 3 சதவீதம் வரைக்கும் வெட்டறாங்க, ஆனா அட்மிஷன்னு எழுதாம, சும்மா கண்காணிப்புக்கு (அப்சர்வேஷன்)னு பேர் போட்டு படுக்க வச்சா அது ரீஅட்மிஷன் கணக்குலயே வராது. பேஷண்டுக்கு என்னவோ அதே கட்டில், அதே ட்ரிப்.

பாஸ்டன்ல ஒரு ஆய்வு, 2009ல வெளியாச்சு. ஒரு நர்ஸ் பேஷண்ட் கூட உக்காந்து வீட்டுக்கு போறதுக்கு தயார் பண்ணாங்க, புரியற மாதிரி ஒரு சின்ன புக்லெட் குடுத்தாங்க, டிஸ்சார்ஜ் ஆகி 2லேருந்து 4 நாளுக்குள்ள ஒரு ஃபார்மசிஸ்ட் போன் பண்ணி மாத்திரைய சரி பாத்தார். ஒரு மாசத்துல கேஷுவால்டி, அட்மிஷன் ரெண்டும் சேத்து கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறஞ்சுது. ரிஸ்க் ஸ்கோர் போட்டு ஆள் பிரிக்கவே இல்ல!

அதனால கேக்கறது இதுதான். அட்மிட் ஆன ரெண்டாவது நாளே, கையில இருக்கற தகவல வச்சு, தோராயமாவாவது ஸ்கோர் குடுங்க, எதனால ஏறுச்சுன்னும் பக்கத்துல எழுதுங்க. வீட்ல யார் மாத்திரை எடுத்து குடுப்பாங்கன்னு அட்மிஷன் ஃபாரத்துல ஒரு வரி சேருங்க. அப்புறம் அந்த போன் பண்றதுக்கு ரோஸ்டர்ல தனியா ஒரு ஆள் போடுங்க. ட்யூட்டி நர்ஸே ரவுண்ட்ஸ்க்கும் இன்ஜெக்ஷனுக்கும் நடுவுல பேசிக்கட்டும்னு விட்டீங்கன்னா அது நடக்காது, இப்பவே சொல்லிடறேன்.